வோல்ற்றர் காட்டிய ஒற்றை விரல்

கஞ்சி என் சேட்டில் பட்டது. கோப்பை சுவரில் பட்டது. பிளாஸ்ரிக் கோப்பை என்றபடியால் உடையவில்லை.

காலை நேரம். யன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வோல்ற்றர் சக்கர நாற்காலியில் முன்னுக்குக் குனிந்து இருந்தார். முழங்கால் இரண்டும் அகல விரிந்திருந்தன. வலது கை தொடைகளுக்கு நடுவே தொங்கியது. அதில் ஒற்றை விரல் மட்டும் நிலத்தைப் பார்த்து நீட்டியிருந்தது. கண் என் முகத்தில்.

நான் தலையை ஆட்டி, "ஓகே வோல்ற்றர், ஓகே" என்றேன்.

விரலை மடக்கினார். திரும்பவும் நீட்டினார். நானும் திரும்பவும் ஆட்டினேன். அடுத்த தடவை அவர் முகம் சிவந்துவிட்டது. அப்போதுதான் கோப்பை பறந்தது.

போன கிழமை உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தை எழுதியிருந்தேன். அதை விட்ட பிறகு கிடைத்த வேலை இது. ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லம். பெயர் வேண்டாம். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. கன காலம் செய்தேன். பேச்சு அதிகம் தேவைப்படாத வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். எனக்குப் பேச்சு வராது. படிப்பும் எட்டாம் வகுப்போடு நின்றது.

வோல்ற்றருக்கும் பேச்சு வராது. பக்கவாதம் அதைக் கொண்டு போய்விட்டது.

ஆம்பிளை ஒருவரை விடுங்கள்

அவர் எங்கள் மாடிக்கு வந்தது அதற்கு முந்திய மாரியில், பனி கொட்டுகிற காலத்தில். பெரிய உடம்பு. காது இரண்டும் பெரிது. வலது கால் இழுத்துக்கொண்டுவிட்டது. வலது கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அந்தக் கை விரல்கள் ஒன்றும் நேராக இல்லை. முறிந்து முறிந்து பொருந்திய விரல்கள். ஏதோ மெசினில் வேலை செய்த ஆளாக்கும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்த கையால் அவர் செய்யத் தொடங்கியது அந்த விரல் வேலையைத்தான்.

யாராவது அறை வாசலில் போய் நேருக்கு நேர் நின்றால் போதும். கால்கள் அகலும். கை நடுவே போகும். விரல் நீளும். வேலை செய்கிற பெண்பிள்ளைகளுக்கு அது எப்படித் தோன்றும் என்று நான் எழுதத் தேவையில்லை.

லோர்னா என்று ஒரு பிலிப்பீன்ஸ் பிள்ளை. நல்ல பிள்ளை. "நோ, வோல்ற்றர், நோ" என்று தலையை ஆட்டி அதட்டியிருக்கிறாள். அவர் விடவில்லை. ஒரு நாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழும்பி, காலை இழுத்து இழுத்து அவளிடம் போய், முழங்கையைப் பிடித்துவிட்டார். பிடித்தபடியே இரண்டு பேரும் விழுந்தார்கள். அவளுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

மனேஜர் எங்களைக் கூப்பிட்டுக் கதைத்தார். போலந்துப் பெண்மணி. கெட்டவர் இல்லை. வேலை செய்பவர்களையும் அவர் பார்க்க வேண்டும். இது தொடர்ந்தால் மேல் மாடிக்கு மாற்ற வேண்டி வரும் என்றார்.

மேல் மாடி என்றால் பூட்டிய மாடி. கதவுக்கு எண் அழுத்த வேண்டும். ஆளை அடக்குவதற்கு மருந்து கொடுப்பார்கள். அங்கே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் தலை தொங்கி நாடி நெஞ்சில் முட்டும். பிறகு நிமிராது.

அதற்கு முன் ஓர் ஆம்பிளையை விட்டுப் பார்ப்போம் என்று முடிவானது. பகல் வேலையில் இருந்த ஆம்பிளை நான் ஒருவன்தான்.

எங்களோடு சாந்தி என்று ஒரு பிள்ளை வேலை செய்தது. மானிப்பாய்ப் பக்கம். மல்வேர்னில் இருந்து ஒரே பஸ்ஸில்தான் வருவோம். வாய் சும்மா இராது.

"அண்ணை, உந்த மனுசன் பாக்க நல்ல மனுசன்தான். ஆனா உவற்ர கையில ஒரு கண் வைச்சிருங்கோ."

"எனக்கென்ன பயம்?"

"அதுசரி. உங்களுக்கு உவர் காட்டமாட்டார். நீங்கள் என்ன பெரிய அழகியே?"

காட்டினார். முதல் நாளே காட்டினார்.

பஸ்ஸில் சாந்தியிடம் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். "அப்ப நீங்களும் அழகிதான் அண்ணை. அக்காவிட்டச் சொல்லுங்கோ, கவனமா வைச்சிருக்கச் சொல்லி."

வழுக்கிய கோப்பை

கஞ்சி நாளுக்கு வருகிறேன்.

சுவரை நானே துடைத்தேன். சேட்டை மாற்றினேன். மாடிக்குப் பொறுப்பான தாதி பெவர்லி வந்து பார்த்தார். ஜமேக்காக்காரர். உயரமான பெண். அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டால் நாங்கள் நிமிர்ந்து நிற்போம்.

"என்ன நடந்தது?"

"கோப்பை வழுக்கிவிட்டது."

அவர் சுவரைப் பார்த்தார். கஞ்சிப் பொட்டு ஒன்று யன்னலுக்கு மேலே இருந்தது. நான் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

"மேலே பார்த்து வழுக்கினதா?"

அவர் அறிக்கையில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு துணியை எட்டி எடுத்து அந்தப் பொட்டைத் துடைத்துவிட்டுப் போனார்.

ஆனால் சில நாளில் மறைக்க முடியாத ஒன்று நடந்தது. நான் வாசலில் நின்றேன். விரல் நீண்டது. நான் தலையை ஆட்டினேன். நீண்டது. ஆட்டினேன். அவர் எழும்பினார். தள்ளாடி வந்து என் முழங்கையைப் பிடித்தார். அடிக்கிற பிடி இல்லை. மெதுவான பிடி. கண்ணுக்குள் பார்த்தார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு திரும்பி நாற்காலிக்குப் போக வெளிக்கிட்டவர் அப்படியே விழுந்தார். புருவம் பிளந்து இரத்தம்.

அதோடு முடிவாகிவிட்டது. அடுத்த கிழமை மேல் மாடி. மனேஜர் மகளுக்கு அறிவித்தார்.

எங்கள் தலை

இந்த இடத்தில் எங்கள் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஓம் என்பதற்குத் தலையை இரண்டு பக்கமும் சரிப்போம். சரி, விளங்கினது, செய்வம், பாப்பம் எல்லாவற்றுக்கும் அதே ஆட்டம்தான். இல்லை என்பதற்கும் பக்கவாட்டில்தான் ஆட்டுவோம். ஆனால் அது வேறு. எங்களுக்குள் ஒருநாளும் பிழையாக விளங்கினது கிடையாது.

நான் கனடாவுக்கு வந்த புதிதில் அகதி வழக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஏதோ கேட்டார். சொன்னது விளங்கியதா என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் திரும்பக் கேட்டார். திரும்ப ஆட்டினேன். மேசைக்காரரின் முகம் இறுகியது.

மொழிபெயர்ப்பாளர் குனிந்து காதுக்குள் சொன்னார். "அண்ணை, வாயைத் திறந்து ஓம் எண்டு சொல்லுங்கோ. உங்கட தலை இல்லை எண்டு சொல்லுது."

ஓம் என்றேன். வழக்கு வென்றது. கற்றதை மறந்தேன். வாய் யெஸ் என்று சொல்லப் பழகியது. தலை பழகவில்லை.

பேஸ்போலும் பழகவில்லை. எங்களுக்குக் கிரிக்கெட் தெரியும். இல்லத்தின் பெரிய அறையில் கோடை முழுவதும் பேஸ்போல்தான் ஓடும். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பெவர்லியும் கிரிக்கெட் நாட்டுக்காரர். லோர்னாவின் ஆட்கள் கூடைப்பந்து. அந்த மாடியில் பகலில் வேலை செய்தவர்களில் ஒருவர்கூட இந்த நாட்டில் பிறக்கவில்லை.

கண்ணாடிச் சட்டம்

வோல்ற்றரின் மகள் ஹெலன். அவரும் வயதானவர்தான். வந்தால் தகப்பனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு இருப்பார். நேரே எதிரில் நின்றதில்லை. அதனால் அவருக்கு அந்த விரல் ஒரு நாளும் நீண்டதில்லை. மனேஜர் சொல்லித்தான் கேள்விப்பட்டார்.

"என்ர அப்பா அப்பிடிப்பட்ட ஆள் இல்லை" என்றார் என்னிடம். அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு எங்கள் பேச்சிலேயே ஞாபகம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன். "பேக்கரியில பாண் வான் ஓடின மனுசன். காலமை நாலு மணிக்குப் போவார். பின்னேரம் வந்தா நித்திரை. வீட்டில கதையே இல்லை."

நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் ஒரு படம் இருந்தது. கிழமைக்கு ஒரு தரம் அந்தக் கண்ணாடியைத் துடைப்பேன். ஒரே மாதிரி உடுப்புப் போட்ட ஆம்பிளைகள் இரண்டு வரிசை. துடைத்தேனே தவிரப் பார்த்ததில்லை.

ஹெலன் அதைக் கழற்றி மடியில் வைத்தார். "கலியாணத்துக்கு முதல் அப்பா ஒரு வருசம் காசுக்குப் பேஸ்போல் விளையாடினவர். இஞ்ச, ஏரிக் கரையில ஒரு மைதானம் இருந்தது. ஒரே ஒரு சீசன். பிறகு அவையள் எடுக்கேல்லை. அதைப்பற்றி ஒரு நாளும் கதைச்சதில்லை. என்னை ஒரு மட்ச் பாக்கவும் கூட்டிக்கொண்டு போனதில்லை."

பின் வரிசையில் ஒரு கறுத்த பெடியனைக் காட்டினார். "இவர் இருக்கிறார். ஹமில்ரனில. வருசா வருசம் நத்தாருக்குக் கிறிஸ்மஸ் காட் வரும். பேர் மட்டும் எழுதியிருக்கும். மேல் மாடிக்குப் போனா அப்பாவுக்கு ஆளைத் தெரியாமப் போயிடும். அதுக்கு முதல் ஒருக்கா வந்து பாக்கட்டும்."

ரமோன் வந்த நாள்

ரமோன் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் வந்தார். கியூபாக்காரர். மெலிந்த, உயர்ந்த மனிதர். தொப்பி, ஊன்றுகோல், நன்றாக அழுத்திய காற்சட்டை. மகன் கீழே இறக்கிவிட்டுப் போயிருந்தான்.

வாசலில் வந்து நின்றார். வோல்ற்றருக்கு நேர் எதிரே.

எனக்கு உடம்பு கூசியது. இவ்வளவு தூரம் வந்த மனிதனுக்கும் இதையா காட்டப் போகிறார் என்று. ஹெலன் குனிந்து தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால்கள் அகன்றன. கை நடுவே போனது. விரல் நீண்டது.

ரமோன் தொப்பியைக் கழற்றினார். ஊன்றுகோலை என் கையில் தந்தார். நிமிர்ந்து நின்றார். அந்த விரலைப் பார்த்தார். தலையை மேலிருந்து கீழே ஒரு தரம் அசைத்தார்.

வோல்ற்றரின் இடது கை எழும்பியது. நெஞ்சுக்கு நேரே உள்ளங்கை விரிந்து நின்றது.

ரமோன் இரண்டு கையையும் நெஞ்சுக்குக் கொண்டு போனார். கொஞ்சம் நின்றார். பிறகு வலது கையைத் தலைக்கு மேலால் கொண்டு வந்து எறிந்தார். கையில் ஒன்றும் இல்லை. வோல்ற்றரின் உள்ளங்கை மூடியது.

நான் நிலத்தில் பந்தைத் தேடினேன். உண்மையாகத் தேடினேன்.

வோல்ற்றர் அந்தப் பந்தைத் திருப்பி எறிந்தார். ரமோன் பிடித்தார்.

மருந்துத் தட்டோடு வந்த பெவர்லி வாசலில் நின்றுவிட்டார். "என்ன இது?"

"சைகை" என்றார் ரமோன். "அடிக்கிறவனுக்குப் பின்னால குந்தி இருந்து பந்து பிடிக்கிற ஆள் இவர். என்ன பந்து எறியவேணும் எண்டு எறியிறவனுக்கு விரலால சொல்லுவார். அடிக்கிறவன் காணக்கூடாது. அதுதான் தொடைக்கு நடுவில. ஒரு விரல் எண்டா நேர்ப் பந்து, வேகமா. ரெண்டு விரல் எண்டா வளைஞ்சு வாற பந்து. எறியிறவன் சம்மதம் எண்டா தலையை மேலயும் கீழயும் ஆட்டுவான். மாட்டன் எண்டா இப்பிடி." பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். "நீங்கள் என்னெண்டு நினைச்சனீங்கள்?"

பெவர்லி கையில் இருந்த மருந்துத் தட்டைக் குனிந்து பார்த்தார்.

ரமோன் என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் காட்டினவரோ? நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"ஓகே எண்டு சொன்னனான்."

"எப்பிடி?"

ஆட்டிக் காட்டினேன்.

ரமோன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் கையால் கண்ணை மூடினார். "ஐயா, நீங்கள் மாட்டன் எண்டெல்லோ சொல்லியிருக்கிறியள்."

லோர்னாவும் தலையாட்டித்தான் அதட்டினாள். எல்லோரும் ஆட்டினோம். கோபத்தில் ஆட்டியவர்கள் பாதி. சம்மதித்து ஆட்டியவன் நான்.

"எழும்பி வந்து முழங்கையைப் பிடிக்கிறாரே, அது?" என்று பெவர்லி கேட்டார்.

ரமோனின் முகம் மாறியது. "முழங்கையையோ?" என்றார். அருகில் இருந்த கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஒரு சீசன்

ரமோன் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். அவர் வோல்ற்றரைப் பார்த்தபடிதான் சொன்னார்.

ரமோன் கியூபாவில் இருந்து வந்தபோது கோடை இன்னும் தொடங்கவில்லை. மைதானத்தின் ஓரங்களில் பனி கிடந்தது. மெல்லிய சேட்டோடு வந்தவர். ஏரிக் காற்றில் விரல் விறைத்துப் பந்து கையில் நிற்கவில்லை. ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. அந்தக் குழுவில் ஸ்பானிய மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அது மேல்மட்டக் குழு இல்லை. அதற்கு அடுத்த படி. சம்பளம் கோடைக்கு மட்டும். மாரியில் ஒருவர் மரம் அரியும் மரக்காலையில், ஒருவர் இறைச்சிக் கடையில், வோல்ற்றர் பாண் வானில். மேலே போகலாம் என்று எல்லோருக்கும் ஓர் ஆசை. எல்லோரும் வயதை ஒளித்துச் சொன்னார்கள்.

தொடக்கத்தில் தோல்வி. பார்க்க வந்த சனத்தை விட ஏரிக் குருவிகள் கூடுதல். பிறகு ரமோனை எறிய விட்டார்கள். வோல்ற்றர் குந்தினார். விரல் வைத்தார். ரமோன் தலையசைத்தார்.

"எனக்கு இந்த நாட்டில முதல் விளங்கின பாசை அந்த விரல்தான்" என்றார். "கடையில போய் முட்டை கேக்கத் தெரியாது. ஆனா இவரோட ரெண்டு மணித்தியாலம் கதைப்பன்."

வெல்லத் தொடங்கினார்கள். ஆனி, ஆடி முழுவதும் வென்றார்கள். மைதானத்துக்குப் போகிற, தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்கார்களில் சனம் தொங்கியது. சில நாட்களில் ஏரியில் இருந்து பனிப்புகார் வந்து மைதானத்தை மூடும். தூரத்தில் நிற்பவனைத் தெரியாது. வோல்ற்றர் விரல் நகங்களில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிக்கொள்வார். அது மட்டும் தெரியும்.

அமெரிக்காவுக்குள் ரயிலில் போய் விளையாடுவார்கள். தெற்கே ஓர் ஊரில் கறுத்தவர்களை ஹோட்டலுக்குள் விடமாட்டார்கள். குழு ஹோட்டலில் தங்கியது. ரமோன் ஊருக்கு வெளியே யாரோ ஒரு விதவையின் வீட்டில் தங்கினார்.

"இவர் ஒண்டும் கேக்கேல்லையோ?" என்று ஹெலன் தகப்பனைக் காட்டிக் கேட்டார்.

"இல்லை. இவரும் கேக்கேல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை." அவர் குரலில் குற்றமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "அடுத்த நாள் மைதானத்தில இவர் விரல் வைச்சார். நான் தலையாட்டினன். வேற என்ன?"

ஆவணியில் ரமோனின் முழங்கை நோகத் தொடங்கியது. வளைந்து வரும் பந்துதான் முழங்கையைத் தின்னும். அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கியூபாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். சொல்ல மொழியும் இல்லை.

ஆனால் பந்து வோல்ற்றரின் கைக்குள்தானே வந்து விழுகிறது. அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் இரண்டு விரல் வைக்கவே இல்லை. ஒற்றை விரல். எப்போதும் ஒற்றை விரல். நேர்ப் பந்து மட்டும் எறிந்து ஒரு மாதம் ஓடினார்கள்.

கடைசி ஆட்டம். வென்றால் கிண்ணம். ஓர் ஓட்டம் முன்னுக்கு நிற்கிறார்கள். எதிராளி ஒருவன் ஓடி முடிக்கக் காத்து நிற்கிறான். கடைசி ஆள் அடிக்க நிற்கிறான். நேர்ப் பந்துக்கென்றே பிறந்தவன். வளைந்த பந்து ஒன்று போட்டால் விழுவான். சனத்துக்குத் தெரியும். ரமோனுக்கும் தெரியும்.

வோல்ற்றர் ஒரு விரல் வைத்தார். ரமோன் மாட்டேன் என்று தலையாட்டினார். திரும்ப ஒரு விரல். திரும்ப மாட்டேன். சனம் கத்துகிறது.

எறிகிறவன் மறுத்துக்கொண்டே நின்றால் பிடிக்கிறவர் எழும்பி அவனிடம் நடந்து போய்க் கதைப்பார். அதுதான் முறை. வோல்ற்றர் எழும்பி வந்தார். ஏதோ சொன்னார். ரமோனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வோல்ற்றர் கையை நீட்டி அவருடைய முழங்கையைப் பிடித்தார். மெதுவாக. கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுத் திரும்பிப் போய்க் குந்தினார். ஒற்றை விரல்.

"நான் தலையாட்டினன்" என்றார் ரமோன். "எறிஞ்சன். பந்து வேலிக்கு மேலால ஏரிப் பக்கம் போச்சுது. அவங்களுக்கு ரெண்டு ஓட்டம்."

அதைத் திருப்பி எடுக்க முடியாமல் தோற்றார்கள். சீசன் அதோடு முடிந்தது.

பிழையான பந்து கேட்டவர் என்று பழி வோல்ற்றரின் தலையில் விழுந்தது. முழங்கைக் கதையை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவரை எடுக்கவில்லை. பாண் வானுக்குப் போனார். ரமோனின் கை மாரியில் ஆறியது. இன்னும் சில வருடம் எறிந்தார். மேலே போகவில்லை. பிறகு ஹமில்ரனில் மேசன் வேலை.

"நாப்பது வருசம் இந்தக் கையால கல்லு வைச்சனான்" என்றார். கையை மடக்கி நீட்டினார். "பிள்ளையளைத் தூக்கினனான்."

வோல்ற்றர் அசையாமல் இருந்தார். கேட்டாரா, விளங்கியதா, தெரியாது.

இரண்டாவது விரல்

போகிற நேரம் வந்தது. ரமோன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் திரும்பி நின்றார்.

கால்கள் அகன்றன. கை போனது.

இரண்டு விரல்.

ரமோன் குனிந்து தன் முழங்கையைப் பார்த்தார். ஹெலன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவருக்கே தெரிந்திராது.

பிறகு ரமோன் தொப்பியை மறுபடி கழற்றினார். தலையசைத்தார். ஊன்றுகோலை நான் வாங்கினேன். எறிந்தார். இம்முறை மணிக்கட்டு கடைசியில் திரும்பியது. வோல்ற்றரின் கையும் நேரே நிற்கவில்லை. பக்கவாட்டில், கீழே இறங்கிப் போய்ப் பிடித்தது.

ரமோன் ஊன்றுகோலைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். மின்தூக்கிவரை ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

பெவர்லி மருந்துத் தட்டை இன்னும் கையில் வைத்திருந்தார். "இந்த மனுசன் இவ்வளவு நாளும் வேலை செய்துகொண்டெல்லோ இருந்திருக்கிறார்" என்றார். நேரே மனேஜரிடம் போனார். சப்பாத்துச் சத்தம் வேகமாகப் போனது.

மேல் மாடிப் பேச்சு அதோடு நின்றது.

ஓணான்

வோல்ற்றரின் கதவில் பெவர்லி ஒரு தாளை ஒட்டினார். உள்ளே வருகிறவர்கள் தலையை மேலும் கீழும் அசைக்கவும். அவ்வளவுதான்.

லோர்னா முதல் நாள் வாசலில் நின்று அசைத்துவிட்டு அழுதாள். பிறகு பழகிவிட்டாள். சாப்பாடு கொண்டு வருகிறவர், நிலம் துடைக்கிறவர், ஒரு நாள் மனேஜரும். எல்லோரும் வாசலில் நின்று தலையசைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம்.

எனக்குத்தான் கஷ்டம். தலை தன்பாட்டில் பக்கவாட்டுக்குப் போகும். பஸ்ஸில் யன்னல் கண்ணாடியைப் பார்த்துப் பழகினேன்.

"என்ன அண்ணை, ஓணான் மாதிரி?"

"பழகிறன்."

"பாத்து. பெடியள் கல்லெடுத்து எறியப் போறாங்கள்."

வீட்டிலும் வந்துவிட்டது. சாப்பிட்டாச்சா என்று மனைவி கேட்டாள். மேலும் கீழும் அசைத்தேன். கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "தலை கிலை சுத்துதோ?" என்றாள்.

வோல்ற்றர் அதன் பிறகு எழும்பி வரவில்லை. கோப்பை பறக்கவில்லை. விரல் வைப்பார். நாங்கள் அசைப்போம். இடது கை விரியும். சில நாள் ஒன்று. சில நாள் இரண்டு. எது வைத்தாலும் எங்களுக்குச் சம்மதம்தான்.

ரமோன் ஒவ்வொரு மாதமும் வந்தார். பேச்சு அதிகம் இல்லை. எறிந்துவிட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிறு நான் அந்த ஏரிக் கரைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. மைதானம் இல்லை. கண்ணாடிக் கட்டிடங்கள். காற்று மட்டும் அவர் சொன்ன மாதிரியே இருந்தது. நிற்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

மாரிக் காலை

அடுத்த மாரியில் வோல்ற்றர் படுக்கையாகிவிட்டார். சாப்பாடு நின்றது. இனிமேல் கன நாள் இல்லை என்று பெவர்லி சொன்னார். வெளியே கொட்டோ கொட்டென்று பனி. ஹமில்ரனில் இருந்து ரமோனால் வர முடியவில்லை. ஹெலன் யூனியன்வில்லில் இருந்து வெளிக்கிட்டு வீதியில் மாட்டுப்பட்டு நின்றார்.

காலை. நான் முகம் துடைக்கப் போனேன். வழக்கப்படி வாசலில் நின்றேன். கால்கள் அகலவில்லை. போர்வைக்கு மேல் வலது கை கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது.

கன நேரம் நின்றேன். அந்த வளைந்த விரல் ஒன்று துணியில் மெல்ல நீண்டது.

தலையசைத்தேன். மேலிருந்து கீழே. இந்த முறை தலை பிழை விடவில்லை.

இடது உள்ளங்கை திறந்தது. எழும்பவில்லை, படுக்கையிலேயே மல்லாந்து திறந்து கிடந்தது. எனக்கு எறியத் தெரியாது. ரமோன் மாதிரிச் செய்ய வெட்கமாக இருந்தது. கிட்டப் போய் என் கையை அந்தக் கைக்குள் வைத்தேன். மூடிக்கொண்டார்.

ஹெலன் வந்து சேரும்வரை அப்படியே இருந்தேன். அதற்குக் கொஞ்சம் முன்பே மூச்சு நின்றுவிட்டது. அவரிடம் அதை நான்தான் சொன்னேன். அவர் வந்து மற்றப் பக்கம் இருந்து தகப்பனின் வலது கையைப் பிடித்தார். பிறகு என் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

அடுத்த அறைக்குப் போக முன் கை கழுவ வேண்டும். அது சட்டம். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கழுவினேன்.